எடுத்து வைத்த பத்து அடிகள்

மனிதன் தன் வாழ்நாளில் எத்தனையோ இலட்சம் அடிகளை எடுத்து வைக்கிறான். பள்ளிக்கூடத்திற்கு நடக்கிறான், பள்ளிவாசலுக்கு நடக்கிறான், கடைக்கும் வயலுக்கும் துறைமுகத்திற்கும் நடக்கிறான். நடந்தவனே அந்த அடிகளை எண்ணி வைப்பதில்லை. ஆனால், 2004-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், ஈராக் நாட்டின் பகூபா நகரத்திற்கருகில் ஓர் இளைஞர் எடுத்து வைத்த ஏறத்தாழப் பத்து அடிகளை உலகம் எண்ணி வைத்துக்கொண்டது.

அங்கே அமெரிக்கப் படையின் முகாம் ஒன்று இருந்தது. அதன் வாயிற்காவல் கேப்டன் ஹுமாயூன் கான் என்னும் அந்த இளைஞரின் பொறுப்பில் இருந்தது. வாடகைக் கார் ஒன்று முகாமை நோக்கி வந்தது. அதன் வரவு அவருக்கு ஐயத்தை உண்டாக்கிற்று. தம் கீழிருந்த வீரர்களைப் பின்வாங்கித் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். தாம் மட்டும் கையை உயர்த்தி, நிறுத்துமாறு சைகை காட்டியபடி அந்தக் காரை நோக்கி நடந்தார். வாயிலை அடையுமுன்னரே கார் வெடித்துச் சிதறியது. ஹுமாயூன் கான் அவ்விடத்திலேயே உயிரிழந்தார். அவருக்கு வயது 27.

அவருக்குப் பின்னால் இருந்த வீரர்கள் பிழைத்தனர். காயமுற்றவர்கள் உண்டு, எனினும் உயிரோடு வீடு திரும்பினர்.

இவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் இதனுள் ஓர் அறவினா பொதிந்து கிடக்கிறது. அந்தப் பத்து அடிகள் யாருக்குச் சொந்தம்? அவரைப் போருக்கு அனுப்பிய அரசுக்கா? அவர் வாழ்ந்த நாட்டுக்கா? அவர் பிறந்த சமுதாயத்துக்கா? அல்லது அவருக்கேயா? அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், ஒரு பெரிய நாட்டின் தேர்தல் மேடையில் இந்த வினா எழுந்து நின்றது. அதற்கு விடை காணுமுன் அவருடைய வாழ்க்கையை ஒரு முறை பார்த்துக்கொள்வோம்.

பிறந்த மண்ணும் வளர்ந்த மண்ணும்

ஹுமாயூன் கான் 1976-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்தவர். பெற்றோர் பாகிஸ்தானியர். தந்தையார் கிஸ்ர் கான் சட்டம் பயின்றவர். தாயார் கஸாலா கான். மூன்று ஆண் மக்களுள் ஹுமாயூன் நடுப்பிள்ளை. பிழைப்புக்காக வளைகுடாவுக்கு வந்த குடும்பம் 1980-இல் அங்கிருந்தும் புறப்பட்டு அமெரிக்கா சென்றது. அப்போது ஹுமாயூனுக்கு நான்கு வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

அமீரகத்தில் பிறந்தார் என்பதால் அந்நாட்டின் குடிமகனாகிவிட இயலாது. இது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தியன்று. நம் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் துபாயிலும் ஷார்ஜாவிலும் பிறக்கிறார்கள். அங்கேயே பேசப் பழகுகிறார்கள். அங்கேயே பள்ளி செல்கிறார்கள். ஆயினும் தந்தையின் வேலை முடிந்த அன்று பெட்டி கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். பிறந்த மண் வேறு, சொந்த மண் வேறு என்பதைப் பள்ளிப் பாடமாக அன்றி, விமான நிலையத்தின் வரிசையில் நின்றே கற்றுக்கொள்கிறார்கள். சபுராளிகளின் பிள்ளைகளுக்கு இந்த அனுபவம் பரம்பரைச் சொத்து.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங் என்னும் ஊரில் அக்குடும்பம் வேரூன்றியது. தலைநகர் வாஷிங்டன் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஹுமாயூன் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அமெரிக்க விடுதலைச் சாசனத்தை எழுதிய தாமஸ் ஜெபர்சன் 1819-இல் நிறுவிய கல்விக்கூடம் அது. எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய அதே ஜெபர்சன், நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு உடைமையாளராகவும் இருந்தார். சொல்லப்பட்ட சமத்துவத்திற்கும் கொடுக்கப்பட்ட சமத்துவத்திற்கும் இடையே உள்ள இடைவெளி அந்நாட்டில் நேற்று முளைத்ததன்று.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே மாணவர்களுக்கான படைப் பயிற்சியில் சேர்ந்தார் ஹுமாயூன். 2000-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றுப் படை அதிகாரியானார். பின்னாளில் சட்டம் பயின்று வழக்கறிஞராக வேண்டும் என்பது அவரது விருப்பம். அவர் சீருடை அணிந்தபோது இரட்டைக் கோபுரங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. ஈராக் போர் தொடங்க மூன்று ஆண்டுகள் இருந்தன. போரை விரும்பிப் படையில் சேர்ந்தவரல்லர் அவர். படையில் இருந்தார், போர் அவரைத் தேடி வந்தது.

2004-இல் ஈராக்குக்கு அனுப்பப்பட்டார். தொலைபேசியில் பேசிய தாய், கவனமாயிரு என்று கேட்டுக்கொண்டார். எந்தத் தாய்தான் கேட்கமாட்டாள்? என் பொறுப்பில் வீரர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மகனின் மறுமொழியாக இருந்தது. பின்னர் அந்த ஜூன் மாதக் காலை வந்தது.

வெண்கல நட்சத்திரம், ஊதா இதயம் என்னும் இரு விருதுகளை அவருடைய இறப்புக்குப் பின் அரசு வழங்கிற்று. அமெரிக்கப் போர்வீரர்கள் அடக்கம் செய்யப்படும் ஆர்லிங்டன் மையவாடியில் அவர் நல்லடக்கம் செய்யப்பட்டார். வரிசை வரிசையான வெள்ளைக் கற்களுக்கிடையே அவருடைய கல்லில் பிறையும் நட்சத்திரமும் பொறிக்கப்பட்டுள்ளன.

தவறான போரில் நற்செயல் உண்டா?

இங்கே நம்முள் பலருக்கு ஒரு தயக்கம் எழும். எழத்தான் வேண்டும். ஒரு முஸ்லிம் இளைஞர், முஸ்லிம்கள் வாழும் நாட்டின்மீது படையெடுத்த சேனையில் அதிகாரியாக இருந்தார். அவரை எப்படிப் போற்றுவது?

அந்தப் போரைப் பற்றி மூடி மறைத்துப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. 2003 மார்ச்சில் அது தொடங்கியபோது, ஈராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகக் காரணம் கூறப்பட்டது. அமெரிக்கா தானே அனுப்பிய ஆய்வுக் குழு, அத்தகைய ஆயுதக் குவியல் எதுவும் இல்லை என்று 2004-இல் அறிக்கை தந்தது. அதற்குள் ஒரு நாடு சிதைந்துவிட்டது. அப்போரிலும் அதைத் தொடர்ந்த வன்முறையிலும் மாண்ட ஈராக்கியப் பொதுமக்களின் தொகை இலட்சத்தைக் கடந்தது. அவர்களுக்கு விருதுகள் இல்லை. அவர்கள் பெயரை எந்த மேடையும் உரைக்கவில்லை. பகூபா வாயிலில் அன்று வெடித்த காருக்கருகே நின்ற ஈராக்கியரும் மாண்டனர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். ஹுமாயூன் கானைப் பற்றி எழுதும் எவரும் அவர்களைத் தாண்டிச் சென்றுவிடக் கூடாது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் வினா எஞ்சி நிற்கிறது. போர் தவறு, ஆகவே அந்தப் பத்து அடிகளும் தவறா?

வணிகக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்த நமக்குக் கணக்குப் புத்தகம் புதிதன்று. பேரேட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. ஒருவர் செலுத்திய வரவை இன்னொருவர் பக்கத்தில் எழுதினால் அதற்குப் பெயர் மோசடி. ஒருவர் பட்ட கடனை இன்னொருவர் பக்கத்தில் ஏற்றினாலும் அதற்குப் பெயர் மோசடியே. ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் என்பது நம் திருமறை மீண்டும் மீண்டும் நினைவூட்டும் அடிப்படை.

போரைத் தொடங்குவோர் முதல் வகை மோசடியைச் செய்கிறார்கள். வீரனின் தியாகத்தை எடுத்துத் தங்கள் பக்கத்தில் வரவு வைத்துக்கொள்கிறார்கள். இத்தகைய உத்தமர்கள் உயிர் கொடுத்த போர் எப்படித் தவறாக இருக்க முடியும் என்று கேட்கிறார்கள். போரை வெறுப்போர் சிலர் இரண்டாம் வகை மோசடியைச் செய்கிறார்கள். ஆட்சியாளரின் பாவம் முழுவதையும் கொண்டுபோய், வாயிலில் நின்ற இளைஞனின் பக்கத்தில் பற்று எழுதுகிறார்கள்.

இரண்டும் பிழை. அந்தப் பத்து அடிகளால் போர் நியாயமாகிவிடவில்லை. போரின் அநியாயத்தால் அந்தப் பத்து அடிகள் அழிந்துவிடவுமில்லை.

இதனால் படைவீரனுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆணை வந்தது, செய்தேன் என்பது எல்லாக் காலத்திலும் செல்லுபடியாகும் விடையன்று. சிறையில் கைதிகளைத் துன்புறுத்திய வீரனும் ஆணையைத்தான் காரணம் காட்டுவான். ஹுமாயூன் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அபூ குரைப் சிறைச்சாலையின் படங்கள் வெளிவந்து உலகத்தைத் தலைகுனிய வைத்தன. அங்கே நின்ற வீரர்களும் அதே கொடியின் கீழ் நின்றவர்கள். பகூபா வாயிலில் நின்றவரும் அதே கொடியின் கீழ் நின்றவர். சீருடை ஒன்று, செயல் இரண்டு. ஆகவே சீருடையை வைத்து மனிதனை எடைபோட முடியாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? எண்ணத்தையும் செயலையும் வைத்தே மனிதன் அளக்கப்படுகிறான் என்பதல்லவா நாம் கற்ற பாடம்?

அந்த வாயிலில் அவருக்கு வேறு வழிகளும் இருந்தன. வரும் காரைச் சுடுமாறு தொலைவிலிருந்தே ஆணையிட்டிருக்கலாம். அந்நாட்களில் ஈராக்கின் சோதனைச் சாவடிகளில் அப்படி நடந்ததுண்டு. சைகை புரியாமலும், அச்சத்தாலும் வண்டியை நிறுத்தாத அப்பாவிகள் குடும்பத்தோடு மாண்டதுண்டு. காரில் இருப்பவர் பகைவரா, வழி தவறிய ஏழை ஓட்டுநரா என்பது தொலைவில் நிற்பவருக்குத் தெரியாது. அருகில் சென்றால்தான் தெரியும். அருகில் செல்பவரின் உயிருக்கு உறுதியில்லை. அல்லது தம் கீழுள்ள ஒருவரை அனுப்பியிருக்கலாம். அதிகாரிக்கு அந்த உரிமை உண்டு. அவர் சுடவுமில்லை, வேறு ஒருவரை அனுப்பவுமில்லை. தாமே நடந்தார்.

அந்த வேளையில் அவர் உள்ளத்தில் என்ன ஓடிற்று என்பதை இறைவன் ஒருவனே அறிவான். நமக்குத் தெரிவது செயல் மட்டுமே. மற்றவர்களைப் பின்னே நிறுத்திவிட்டு ஆபத்தை நோக்கித் தனியே நடக்கும் செயல், எந்த நாட்டில் நடந்தாலும் எந்த உடையில் நடந்தாலும் நற்செயலே. ஓர் உயிரைக் காப்பதை மனித குலத்தையே காப்பதற்கு ஒப்பாக வைத்த மார்க்கத்தின் மக்களுக்கு, அதை ஒப்புக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

சான்றாக ஆக்கப்பட்ட மரணம்

பேரேட்டு மோசடியில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது மற்ற இரண்டையும்விட நுட்பமானது, நல்லவர்களையும் ஏமாற்றக்கூடியது.

2015 டிசம்பரில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்க முனைந்திருந்த டொனால்டு டிரம்ப், முஸ்லிம்கள் அந்நாட்டுக்குள் நுழைவதை முழுமையாக நிறுத்த வேண்டும் என்று அறிக்கை விடுத்தார். அடுத்த ஆண்டு ஜூலை 28-ஆம் நாள், எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் மாநாட்டு மேடையில் கிஸ்ர் கானும் கஸாலா கானும் ஏறி நின்றனர். அவர்களுக்குப் பின்னால் மகனின் படம் மிகப் பெரிதாகத் தெரிந்தது. தந்தையார் பேசினார். சட்டைப்பையிலிருந்து அமெரிக்க அரசியல் சட்டத்தின் சிறு பிரதியை எடுத்துக் காட்டி, இதை நீங்கள் படித்ததுண்டா என்று வேட்பாளரை நோக்கிக் கேட்டார். ஆர்லிங்டன் மையவாடிக்குச் சென்றதுண்டா, அங்கே எல்லாச் சமயத்தவரும் எல்லா இனத்தவரும் உறங்குவதைப் பார்த்ததுண்டா என்றும் கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. பலர் அழுதனர்.

தாயார் ஒரு சொல்லும் பேசவில்லை. பேசுவதற்கு அவருக்கு அனுமதி இல்லாமல் இருந்திருக்கலாம் என்று டிரம்ப் பின்னர் குறிப்பிட்டார். ஒரு முஸ்லிம் பெண்ணின் மௌனத்திற்கு அவர் கண்ட பொருள் அது! மகனின் படத்துக்கு முன்னால் தம்மால் வாயைத் திறக்க இயலவில்லை, படங்கள் உள்ள அறைக்குள் நுழைவதே தமக்குக் கடினம் என்னும் கருத்தில் அத்தாய் ஒரு செய்தித்தாளில் எழுதி விடை தந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தும் ஆறாத துயரம், தான் அடிமைத்தனம் அன்று என்பதை உலகத்திற்கு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அந்த மேடையைக் கண்டு நம் நெஞ்சங்களும் நிமிர்ந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் உணர்ச்சி அடங்கிய பின் நிதானமாகச் சிந்திக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நாங்களும் இந்த நாட்டவரே என்பதற்கு, ஒரு குடும்பம் தன் பிள்ளையின் கபுறை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கிறதே, அது எத்தகைய நிலை?

நான் அத்தந்தையைக் குறை கூறவில்லை. கேட்கப்பட்ட கேள்விக்குத் தம்மிடமிருந்த மிக உயர்ந்த விடையை அவர் தந்தார். குற்றம் விடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. அந்தக் கபுறைக் கண்டு, ஆம், இவர்கள் நல்லவர்கள் என்று தலையசைத்தவர்கள் ஏராளம். அவர்களின் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. எனினும் அவர்களிடம் ஒன்று கேட்கலாம். படையில் பிள்ளையைக் கொடுக்காத குடும்பத்தின் நிலை என்ன? நியூயார்க்கில் இரவு முழுதும் வாடகைக் கார் ஓட்டும் முஸ்லிம், மருத்துவமனையில் நோயாளியைத் தூக்கிக் கிடத்தும் முஸ்லிம், மூலைக் கடையில் ரொட்டி விற்கும் முஸ்லிம் ஆகியோர் எந்தக் கல்லறையைக் காட்டுவார்கள்? மாண்டவனின் மாண்பைக் கொண்டு வாழ்பவர்களின் உரிமையை நிறுவப் புகுந்தால், மாண்டவன் இல்லாத வீட்டுக்கு உரிமையும் இல்லை என்றல்லவா ஆகிவிடும்?

ஒருவருடைய வரவைச் சமுதாயம் முழுவதன் பக்கத்திலும் எழுதுவது முதலில் இனிக்கும். பிறகுதான் அதன் மறுபக்கம் தெரியும். ஒருவரின் நன்மை எல்லாரையும் உயர்த்துமானால், ஒருவரின் தீமை எல்லாரையும் தாழ்த்தும் அல்லவா? எங்கோ ஒருவன் குண்டு வைத்ததற்காகச் சமுதாயம் முழுவதையும் வாயிலில் நிறுத்துகிறவனும் இதே கணக்கைத்தான் போடுகிறான்.

இதனை உணர்ந்து பேசிய ஒருவரும் அந்நாட்டில் இருந்தார். முன்னாள் வெளியுறவு அமைச்சரும் தளபதியுமான காலின் பவல், 2008 அக்டோபரில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில் இதைத் தொட்டார். குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஒபாமா ஒரு முஸ்லிம் என்று அப்போது வதந்தி பரவியிருந்தது. அவர் கிறிஸ்தவர் என்பது சரியான விடை. ஆனால் முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன, அதில் குற்றம் ஏதும் உண்டா என்பதே மெய்யாகச் சரியான விடை என்னும் பொருளில் பவல் பேசினார். அவரும் ஆர்லிங்டனில் பிறை பொறித்த ஒரு கல்லையும், அதன்மீது தலைசாய்த்திருந்த தாயின் படத்தையும் குறிப்பிட்டார். அந்தக் கல்லுக்குரியவர் கரீம் ரஷாத் சுல்தான் கான் என்னும் மற்றோர் இளைஞர்; வயது 20. 2007-இல் அதே பகூபாவில் உயிரிழந்தவர். நாம் கவனிக்க வேண்டியது, முதலில் கேட்கப்பட்ட அந்த ஒரு கேள்வியை: இருந்தால்தான் என்ன? அந்தக் கேள்விக்குக் கல்லறை தேவையில்லை.

இறந்தபின் கிடைத்த குடியுரிமை

இது முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய இடர்ப்பாடு என்று எண்ணிவிடக் கூடாது. ஹோசே அந்தோனியோ குத்தியெரெஸ் என்பவர் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டவர்; கிறிஸ்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து தலைநகரின் தெருக்களில் வளர்ந்தவர். சரக்கு இரயில்களில் தொற்றிக்கொண்டு மெக்சிகோவைக் கடந்து, ஆவணம் ஏதுமின்றி அமெரிக்காவுக்குள் நுழைந்தார். பின்னர்த் தங்கும் உரிமை பெற்றார். கலிபோர்னியாவில் வளர்ப்புக் குடும்பங்களின் ஆதரவில் படித்தார். கட்டடக்கலை வல்லுநராக வேண்டும் என்று கனவு கண்டார். கடற்படைத் தரைப்பிரிவில் சேர்ந்தார். 2003 மார்ச் 21-ஆம் நாள், போர் தொடங்கிய மறுநாளே, தென் ஈராக்கில் கொல்லப்பட்டார். அந்தப் போரில் முதலில் மாண்ட அமெரிக்க வீரர்களுள் அவர் ஒருவர். ஆனால் அவர் அமெரிக்கக் குடிமகன் அல்லர்! அவரைத் துளைத்தது தம் பக்கத்தாரின் குண்டே என்றும் பின்னர்த் தெரிய வந்தது.

அவர் இறந்த பிறகு அரசு அவருக்குக் குடியுரிமை வழங்கிற்று. 1990-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று அதற்கு இடமளித்தது. அவர் மாண்ட காலத்தில் அது வெறும் கண்ணியப் பட்டமாகவே இருந்தது. அதைக் கொண்டு உறவினர் எவரும் எந்தச் சலுகையும் கோர இயலாது. 2003 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அந்நிலை மாறிற்று. குடியுரிமைப் பத்திரத்தைப் பெற்றவரின் உடல் பெட்டியில் குவாத்தமாலாவுக்குத் திரும்பியது. போர்க்களத்தில் மாண்டால்தான் குடியுரிமை கிடைக்கும் என்றால் அந்தக் கொள்கையிலேயே பெருந்தவறு இருக்கிறது என்னும் கருத்தை லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கத்தோலிக்கப் பேராயர் அப்போது வெளியிட்டார். வாழ்பவனுக்கு மறுத்ததைப் பிணத்துக்குக் கொடுப்பது கொடையா, அல்லது மனச்சாட்சியின் வாயை அடைக்கும் காணிக்கையா? சிந்திக்க வேண்டும்.

அபாசு நாட்டில் நம் முன்னோர்

புகலிடம் தந்த நாட்டுக்கும் புகுந்தவருக்கும் இடையே இருக்க வேண்டிய உறவு எது? இதற்கு நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது.

மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாமல், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரைப்படி முஸ்லிம்களில் ஒரு குழுவினர் கி.பி. 615-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றனர். உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் அந்த அபாசுப் பயணத்தைப் பாடியுள்ளார். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி கிறிஸ்தவர். அகதிகளைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் பரிசுகளோடு தூதனுப்பினர். மன்னரோ இரு பக்கத்தையும் கேட்டார்; ஜஅபர் (ரலி) அவர்களின் விளக்கத்தைச் செவிமடுத்தார்; பரிசுகளைத் திருப்பிவிட்டார்; அகதிகளைக் காத்தார்.

பின்னர் அம்மன்னருக்கு எதிராக ஒருவன் கலகக் கொடி உயர்த்தினான். நைல் ஆற்றின் மறுகரையில் போர் மூண்டது. முஸ்லிம்கள் கலங்கினர். போரின் நிலவரத்தை அறிந்து வர யார் செல்வது என்று பேசியபோது, அவர்களுள் இளையவரான ஸுபைர் (ரலி) முன்வந்தார். காற்றடைத்த தோற்பையை நெஞ்சில் கட்டிக்கொண்டு அவர் ஆற்றை நீந்திக் கடந்தார். கரையில் இருந்தோர் தங்களுக்கு அடைக்கலம் தந்த மன்னரின் வெற்றிக்காக இறைவனிடம் கையேந்தி நின்றனர். இறுதியில் ஸுபைர் துணியை வீசி ஆட்டியவாறு ஓடிவந்தார். நஜ்ஜாஷி வென்றார் என்ற நற்செய்தி கேட்டு அவர்கள் அடைந்த மகிழ்ச்சியை உம்மு ஸலமா (ரலி) அன்னையார் பின்னாளில் நினைவு கூர்ந்துள்ளார்.

இந்த நிகழ்ச்சியில் ஒரு நுட்பம் உண்டு. மன்னர் அவர்களிடம் விசுவாசச் சான்று கேட்கவில்லை. எனக்காகப் போரிட்டு உயிர் கொடுங்கள், அதன் பிறகு தங்குவதைப் பற்றிப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. முதலில் நீதி வந்தது. நீதியைக் கண்ட நெஞ்சங்களில் பற்று தானாக முளைத்தது. ஸுபைர் (ரலி) ஆற்றில் இறங்கியதும் அந்தப் பற்றினால்தான், கட்டளையினால் அன்று.

அதனால்தான் ஹுமாயூன் கானின் கதையில் எனக்கு வலிப்பது அவருடைய மரணம் மட்டுமன்று. அவர் அந்த அடிகளை எடுத்து வைத்தபோது எவரும் அவரிடம் சான்று கேட்கவில்லை. அவரும் எவருக்கும் சான்று காட்டவில்லை. தம் பொறுப்பிலிருந்த மனிதர்களைக் காக்க நடந்தார், அவ்வளவே. சான்று கேட்டவர்கள் பின்னால் வந்தார்கள். அவருடைய தூய செயலை ஒரு விண்ணப்பத்தோடு இணைக்கும் பத்திரமாக ஆக்கிவிட்டார்கள்.

மாநாடு முடிந்தது, தேர்தலும் முடிந்தது. 2017 ஜனவரியில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் மக்கள் நுழையத் தடை விதிக்கும் ஆணை பிறந்தது. அந்த முதற் பட்டியலில் ஈராக்கும் இருந்தது. எந்த மக்களை விடுவிக்கச் செல்வதாகச் சொல்லி ஹுமாயூனை அனுப்பினார்களோ, அந்த மக்களுக்கே வாயில் அடைபட்டது. வழக்குகளுக்கும் மாற்றங்களுக்கும் பின், 2021 ஜனவரியில் புதிய ஆட்சி அத்தடையை நீக்கிற்று. 2022-இல் கிஸ்ர் கானுக்கு அந்நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அளிக்கப்பட்டது. ஆட்சிகள் மாறும், தடைகள் வரும், போகும், விருதுகளும் வரும். பிள்ளை மட்டும் திரும்பி வரமாட்டான்.

நம் வாயிலில் நிற்பவர்கள்

அயல்நாட்டுக் கதை என்று இதை மூடிவைத்துவிடலாமா? நாம் வெளியூர்களில் பிழைப்பவர்கள் மட்டுமல்லர். நம் ஊர்களுக்குப் பிழைக்க வருபவர்களும் இருக்கிறார்கள். வடக்கேயிருந்து இரயிலேறி வந்து நம் கட்டடங்களில் செங்கல் சுமக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களின் மொழி நமக்குத் தெரியாது. அவர்களின் தாய்மாரின் பெயர் நமக்குத் தெரியாது. ஊரில் ஒரு திருட்டு நடந்தால் நம் விரல் முதலில் எந்தப் பக்கம் நீள்கிறது? அவர்களுள் ஒருவன் செய்த தவற்றை எல்லார் பக்கத்திலும் எழுதுகிறோமா, இல்லையா? அவன் நல்லவன் என்று நாம் ஒப்புக்கொள்வதற்கு, அவன் நம் பிள்ளை ஒன்றைக் கிணற்றிலிருந்து தூக்கியிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமா, இல்லையா? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டு விடை சொல்லிக்கொள்ளட்டும்.

தியாகம் செய்தவரைப் போற்றுவது கடமை. ஆனால் தியாகத்தை விலையாக வைத்து மனிதனுக்கு மதிப்புக் கொடுப்பது தியாகத்திற்கே இழிவு. உயிர் கொடுத்தவனுக்கு நன்றி வேண்டும். உயிரோடு இருப்பவனுக்கு நீதி வேண்டும். முன்னதைக் காட்டிப் பின்னதை ஈடுகட்டிவிட முடியாது.

ஆர்லிங்டனில் பிறை பொறித்த அந்தக் கல் அமைதியாக நிற்கிறது. அது எவருடைய வழக்குக்கும் சாட்சி சொல்ல நடப்பட்டதன்று. தன் நண்பர்களைப் பின்னே நிறுத்திவிட்டு முன்னே நடந்த ஒரு மகன் அங்கே உறங்குகிறான். அவன் கணக்கு, பிழையறக் கணக்கெடுக்கும் இறைவனிடம் இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டு, நம் கணக்கை நாம் பார்ப்போம்.